ஜெர்மனியில் பிறந்த பேத்திக்கு பி.சி.ஜி. போட வேண்டுமா?

கேள்வி: என் வயது 71. கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். மகள் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் இருக்கிறாள். அவளுடைய குழந்தைக்கு இப்போது 14 மாதம். அங்கே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடுவதில்லையாம். கொரோனா காலத்தில், எல்லாக் குழந்தைகளுக்கும் பி.சி.ஜி. போடும் நாடுகளில் சாவு குறைவாக இருந்ததாக உலகப் படம் ஒன்றோடு செய்தி வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். டிசம்பரில் ஆறு வார விடுப்பில் வருகிறார்கள். அப்போது இங்கேயே போட்டு அனுப்பிவிடலாமா? மருமகன் வேண்டாம் என்கிறார். மகன் சென்னைக்கு அருகே இருக்கிறான். அவன் பையன் 2020 ஜனவரியில் பிறந்தவன். ஒன்றரை வயதில் போடவேண்டிய ஊசிகள் இரண்டாம் அலையின்போது விட்டுப்போயின. அப்புறம் போடவே இல்லை. இனிப் போட்டால் பயன் உண்டா? என் அண்ணனுக்கு ஒரு மாதமாக இருமல். அவரையும் பார்த்துவிட்டுப் போகத்தான் மகள் வருகிறாள். நேரம் இருக்கும்போதே பதில் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீங்கள் வைத்திருக்கும் அந்தப் படத்தை நானும் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல், 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் மருத்துவர் குழுவில் அதைப் பகிரவும் செய்தேன். ஆகவே, அதை நம்பியதற்காக உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதை ஏன் கைவிட்டேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் காரணங்கள் சலிப்பூட்டா என்று நம்புகிறேன்.

கதை இப்படித் தொடங்கியது. 2020 மார்ச் இறுதியில் நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர், பிற ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு இன்னும் உட்படாத கட்டுரை ஒன்றை இணையத்தில் வெளியிட்டார்கள். இத்தாலி, நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் பி.சி.ஜி. போடும் கொள்கை என்றுமே இருந்ததில்லை. அங்கெல்லாம் கொரோனாச் சாவு மிகுதி. பி.சி.ஜி. கட்டாயமாக இருந்த ஜப்பான் போன்ற நாடுகளில் சாவு குறைவு. ஈரான் மட்டும் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அங்கே பி.சி.ஜி. இருந்தும் சாவு கடுமையாக இருந்தது. அதற்கும் அவர்களிடம் விடை இருந்தது: ஈரானில் அந்தத் திட்டம் 1984இல்தான் தொடங்கியது, ஆகவே அங்குள்ள முதியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்றார்கள். விதிக்குப் பொருந்தாத புள்ளி ஒன்று வரும்போது, விதியைச் சந்தேகிக்காமல் அந்தப் புள்ளிக்குத் தனி விளக்கம் தேடுவதை உங்கள் மாணவன் எவனாவது விடைத்தாளில் செய்திருந்தால் நீங்கள் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பீர்கள். நாங்களோ கைதட்டினோம். அந்த மாதம் எங்களுக்கு வேறு நல்ல செய்தி எதுவும் இல்லை.

அந்தக் கருத்துக்கு அறிவியல் அடிப்படை அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பி.சி.ஜி. காசநோய்க்கு எதிராக மட்டுமல்லாமல், உடலின் பொதுவான தற்காப்பையும் சில காலத்துக்கு முடுக்கிவிடுகிறது என்பதை நெதர்லாந்தின் நைமெகன் நகரில் மிகாய் நெடேயா குழுவினர் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் பீட்டர் ஆபி குழுவினர், எடை குறைந்து பிறந்த சிசுக்களுக்குப் பிறந்தவுடனேயே பி.சி.ஜி. போட்டால் முதல் மாத மரணங்கள் குறைவதைக் கண்டார்கள். ஆனால் ஒரு சிசுவின் முதல் மாதத்தில் நடப்பது, எழுபது ஆண்டுகளுக்கு முன் ஊசி போட்டுக்கொண்ட ஒரு முதியவரின் நுரையீரலிலும் நடக்கும் என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய வேறொரு கூற்று.

நாடுகளை ஒப்பிட்டதில்தான் பெரிய பிழை இருந்தது. பி.சி.ஜி.யை எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் நாடுகள் எவை? காசநோய் அதிகமுள்ள நாடுகள். காசநோய் எங்கே அதிகம்? பெரும்பாலும் ஏழை நாடுகளில். அங்கே மக்கள்தொகையில் இளையவர்கள் மிகுதி, பரிசோதனைகள் குறைவு, சாவுகள் பதிவாவது இன்னும் குறைவு, 2020 மார்ச்சில் அந்த நாடுகளுக்கு வானூர்தியில் வந்திறங்கிய தொற்றும் குறைவு. இந்தியரில் பாதிப் பேர் முப்பது வயதுக்குக் கீழே இருக்க, இத்தாலியரில் பாதிப் பேர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். முதியவர்களையே பெரும்பாலும் கொன்ற ஒரு நோயில் இந்த ஒன்றே படத்தின் நிறங்களை மாற்றப் போதும். தோளில் போட்ட ஊசியைப் படம் அளக்கவில்லை. அந்த ஊசி போடப்படும் நாடு எப்படிப்பட்டது என்பதையே அளந்தது.

படம் எடுக்கப்பட்ட நாளும் முக்கியம். அப்போது எல்லாரும் மேற்கோள் காட்டிய இணை ஸ்பெயினும் போர்ச்சுகலும். ஸ்பெயின் 1980களின் தொடக்கத்திலேயே பொதுவான பி.சி.ஜி.யை நிறுத்திவிட்டது, போர்ச்சுகல் 2016 வரை போட்டது. 2020 வசந்தத்தில் மாட்ரிட் தத்தளித்தபோது லிஸ்பன் ஓரளவு அமைதியாக இருந்தது. பத்தே மாதத்தில், 2021 ஜனவரியில், மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நாடுகளுள் ஒன்றாகப் போர்ச்சுகல் ஆனது. தோள்கள் அதே தோள்கள்தாம். பிறந்தவுடன் பி.சி.ஜி. போடும் பிரேசிலில் 2021 முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வழக்கமுள்ள பெரு நாடு 2021 மே இறுதியில் தன் கணக்கைத் திருத்தியபோது, மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அதிகச் சாவைப் பதிவு செய்த நாடாக நின்றது. நம் நாட்டின் 2021 ஏப்ரல், மே மாதங்களை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

உங்கள் மகள் வசிக்கும் இடமே இதற்கு இன்னும் நெருக்கமான சான்று. லைப்சிக் சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது. அது பழைய கிழக்கு ஜெர்மனி. கிழக்கு ஜெர்மனி அரசு 1950களிலிருந்து 1990 வரை சிசுக்களுக்கு பி.சி.ஜி.யைக் கட்டாயமாகப் போட்டது. மேற்கு ஜெர்மனியில் அப்படிக் கட்டாயம் இருந்ததில்லை. 2020 வசந்தத்தில் கிழக்கு மாநிலங்களில் தொற்றும் சாவும் மேற்கைவிடக் குறைவாக இருந்தன. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே மருத்துவ முறை, ஊசி மட்டும் வேறு என்று இதை இயற்கையே நடத்திய சோதனையாகப் பலர் கொண்டாடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியிலேயே மிக மோசமான நிலை சாக்சனியில்தான் இருந்தது. 2021 ஜனவரியில் மைசன் நகரின் தகன மையத்தில் சவப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க வேண்டியிருந்தது. வசந்தத்தில் கிழக்கைக் காப்பாற்றியது ஊசி அல்ல. ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் போய்த் தொற்றோடு திரும்பியவர்கள் மேற்கிலும் தெற்கிலும் அதிகம் இருந்தார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

நாடுகளை ஒப்பிடாமல் ஒரே நாட்டுக்குள் ஒப்பிட்டவர்களுக்கு விடை சீக்கிரமே கிடைத்துவிட்டது. இஸ்ரேல் 1955 முதல் 1982 வரை எல்லாச் சிசுக்களுக்கும் பி.சி.ஜி. போட்டு, பிறகு நிறுத்தியது. 1979 முதல் 1981 வரை பிறந்தவர்களையும் 1983 முதல் 1985 வரை பிறந்தவர்களையும் கொரோனாப் பரிசோதனை முடிவுகளில் ஒப்பிட்டார்கள். தொற்று உறுதியானவர்கள் முதல் பிரிவில் 11.7 விழுக்காடு, இரண்டாவதில் 10.4 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் வேறுபாடு இல்லை. சுவீடன் 1975 ஏப்ரலில் நிறுத்தியது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டபோதும் பயன் தெரியவில்லை.

கடைசியில், செய்ய வேண்டிய முறையில் செய்த ஆய்வும் வந்தது. மெல்போர்னில் உள்ள மர்டோக் குழந்தைகள் ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, ஸ்பெயின், பிரிட்டன், பிரேசில் ஆகிய ஐந்து நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு பி.சி.ஜி.யும் மறு பிரிவுக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் அறிகுறியுடன் கொரோனா வந்தவர்கள் பி.சி.ஜி. பிரிவில் 14.7 விழுக்காடு, உப்புநீர்ப் பிரிவில் 12.3 விழுக்காடு. முடிவு 2023இல் வெளியானது. அதற்குள் படம் மறக்கப்பட்டுவிட்டதால் முடிவும் செய்தியாகவில்லை. உங்கள் கைபேசியில் படம் மட்டும் தங்கிவிட்டது.

நம் மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு. 2020 ஜூலையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வுக்குத் தமிழக அரசு இசைவளித்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை மேற்கொண்டது. அந்தச் செய்தி வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1968இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வு. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பி.சி.ஜி.யோ போலி ஊசியோ போட்டு, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதே கிடைத்த விடை. கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. தயாரித்துவந்த நாட்டுக்கு அது கசப்பான விடைதான். ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். 1955இல் பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்துப் பேசிய ராஜாஜியின் வாதங்களில் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை, எனினும் “இது உண்மையில் எதைத் தடுக்கிறது?” என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியாகவே இருந்தது என்பதைச் செங்கற்பட்டு காட்டியது.

எதைத் தடுக்கிறது என்பதில்தான் உங்கள் பேத்திக்கான விடையும் இருக்கிறது. சிறு குழந்தைகளுக்குக் காசநோய்க் கிருமி மூளைச் சவ்வைத் தாக்குவதையும், இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுவதையும் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது. இவை இரண்டும் வந்தால் குழந்தை இறக்கலாம், அல்லது ஆயுள் முழுவதும் ஊனத்தோடு வாழ நேரலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ இருநூறு பேருக்குக் காசநோய் வருகிறது. வீட்டிலோ பேருந்திலோ இருமுகிறவர் யார் என்று தெரியாத நாட்டில் சிசு மருத்துவமனையைவிட்டு வெளியே வருமுன் இடது தோளில் அந்த ஊசி விழுவது நியாயம். ஜெர்மனியில் அந்த எண்ணிக்கை லட்சத்துக்கு ஐந்தை ஒட்டியது. அங்கே ஒரு மூளைச்சவ்வு நோயைத் தடுக்க எத்தனையோ ஆயிரம் குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டியிருக்கும். இது உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி என்பதால், பிறவியிலேயே நோயெதிர்ப்பாற்றல் இல்லாத அரிதான குழந்தைகளுக்கு இந்த ஊசியே நோயாகிவிடும். இலாபம் சுருங்கும்போது இந்தச் சிறு நட்டம் பெரிதாகத் தெரியும். அதனால் 1998இல் ஜெர்மனியின் தடுப்பூசி ஆலோசனைக் குழு பி.சி.ஜி.க்கான பரிந்துரையை விலக்கிக்கொண்டது. அந்த நாட்டுக்கு இன்னொரு காயமும் உண்டு. 1930இல் லூபெக் நகரில், தவறுதலாகக் கொடிய காசநோய்க் கிருமி கலந்துவிட்ட பி.சி.ஜி. மருந்தைப் பருகிய சிசுக்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழை தடுப்பூசியுடையது அல்ல, ஆய்வகத்தினுடையது. ஆனால் ஊர் மறப்பதில்லை.

இதே குழந்தை லண்டனில் பிறந்திருந்தால் பி.சி.ஜி. போட்டிருப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் 2005இல் பள்ளி மாணவர்களுக்கான பொதுவான பி.சி.ஜி.யை நிறுத்தியது. ஆனால் லட்சத்துக்கு 40 பேருக்கு மேல் காசநோய் வரும் நாட்டில் தாயோ தந்தையோ, தாத்தாவோ பாட்டியோ பிறந்திருந்தால், அந்தச் சிசுவுக்கு ஊசி உண்டு. நீங்கள் கும்பகோணத்தில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக லண்டனில் உங்கள் பேத்திக்கு ஊசி, லைப்சிக்கில் இல்லை. பெருந்தொற்றுக் காலத்திலேயே, 2021 செப்டம்பரில், பிரிட்டன் அந்த ஊசியைப் பிறந்த அன்று போடாமல் 28 நாள்களுக்குப் பிறகு போடத் தொடங்கியது. நான் மேலே சொன்ன பிறவிக் குறைபாட்டுக்கான இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகே போட வேண்டும் என்பதற்காக. நம் ஊரில் அந்தத் தாமதம் கூடாது, ஏனெனில் இங்கே அந்த 28 நாளில் குழந்தை எதிர்கொள்ளும் ஆபத்து வேறு. இருவரும் செய்வது சரிதான்.

கொரோனாத் தடுப்பூசியிலும் இதே காட்சியைக் கண்டோம். கியூபா 2021 செப்டம்பரில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கே தன் சொந்தத் தடுப்பூசியைப் போட்டது. அமெரிக்கா அந்த நவம்பரில் 5 முதல் 11 வயது வரையிலான அனைவருக்கும் பரிந்துரைத்தது. சுவீடன் 2022 ஜனவரியில் அதே வயதினருக்கு, நோயாளிக் குழந்தைகள் தவிர, வேண்டாம் என்றது. பிரிட்டனில் 12 முதல் 15 வயதுவரை உள்ள ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு உடல்நலப் பயன் மிகச் சிறிது என்று நிபுணர் குழு தயங்க, பத்தே நாளில் தலைமை மருத்துவ அலுவலர்கள் நால்வர் பள்ளிப்படிப்பு தடைபடுவதையும் கணக்கில் சேர்த்துப் போடலாம் என்றார்கள். ஜெர்மனி 2022 மே மாதம் 5 முதல் 11 வயது ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஒரு தவணை பரிந்துரைத்து, 2023இல் அதை விலக்கிக்கொண்டது. இந்தியா 2022 ஜனவரி 3இல் 15 வயது முதலும், மார்ச் 16இல் 12 வயது முதலும் போட்டது. அதற்குக் கீழே தேசியத் திட்டம் இறங்கவேயில்லை. தரவு ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளி மூடிக்கிடந்த காலம், ஏற்கெனவே தொற்று வந்துபோன குழந்தைகளின் விகிதம், கையிருப்பு, பெற்றோரின் நம்பிக்கை ஆகியவை வேறுவேறு.

ஆகவே முடிவைச் சொல்கிறேன். ஆறு வார விடுப்புக்காகப் பேத்திக்கு பி.சி.ஜி. வேண்டாம். கொரோனாவுக்காக அறவே வேண்டாம். மருமகன் சொன்னது சரி. அதை அவரிடம் சொல்லும் கசப்பான கடமை உங்களுடையது. நம் அரசுத் திட்டத்தில் பி.சி.ஜி. ஒரு வயது வரைதான். அந்த வயதைக் குழந்தை தாண்டிவிட்டது. குடும்பம் இந்தியாவுக்கே குடிபெயர்வதாக இருந்தால் மட்டும் குழந்தைகள் நல மருத்துவரிடம் பேசுங்கள். அப்போது விடை மாறலாம்.

அதற்குப் பதிலாக மகளிடம் இன்றே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி ஜெர்மனியில் 11 மாதத்திலும் 15 மாதத்திலும் போடப்படுகிறது. முதல் தவணை போட்டாகிவிட்டதா? ஆகியிருந்தால், நான்கு வாரம் கடந்திருக்கும் பட்சத்தில் இரண்டாவதையும் புறப்படுமுன் போட்டுக்கொள்ளலாம். தட்டம்மை நம் ஊரில் உங்கள் பேத்தியை உண்மையிலேயே தேடிவரக்கூடிய நோய். 2020 மார்ச் 1 முதல், அதாவது கொரோனா நுழைந்துகொண்டிருந்த அதே நேரத்தில், தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க முடியாது என்ற சட்டத்தை ஜெர்மனி நடைமுறைப்படுத்தியது; அரசியல் சாசன நீதிமன்றமும் 2022இல் அதை உறுதிசெய்தது. ஆகவே எப்படியும் அவர்களுக்கு அது தேவைப்படும். மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கல்லீரல் அழற்சி ஏ-வுக்கான ஊசியைப் பற்றியும் அங்குள்ள மருத்துவரிடம் கேட்கட்டும்.

இனி பேரன். உங்கள் கடிதத்தில் அவனுக்கு நான்கு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். பெருந்தொற்றுக் காலத் தடுப்பூசிக் கொள்கை என்று யாராவது என்னைக் கேட்டால், நான் பேசுவது அந்த நான்கு வரியைப் பற்றித்தான்.

2020 ஏப்ரலில் ஒரு புதன்கிழமை. நான் அப்போது பணியாற்றிய மருத்துவமனையின் தடுப்பூசி அறையில், வழக்கமாகக் காலை ஒன்பது மணிக்கே பெஞ்சுகள் நிறைந்து, அழுகுரலில் பெயர் கூப்பிடுவதே கேட்காது. அன்று இரண்டு குழந்தைகள் மட்டுமே வந்தன. இரண்டுமே அதே கட்டடத்தின் மேல்மாடியில் பிறந்தவை. பி.சி.ஜி. குப்பி ஒன்றில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். உப்புநீரில் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. செவிலியர் சகோதரி குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திறப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். திறக்கச் சொன்னேன். இரண்டு தோள்களில் பட்டாணி அளவுக்குத் தோல் புடைத்து எழுந்தது. எட்டுப் பேருக்கான மருந்து மிஞ்சியது. அப்போது முகக்கவசம் அணிந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கைபேசியை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அதில் அந்தப் படம். “மீதியை வீணாக்காதீர்கள் டாக்டர், எனக்குப் போடுங்கள்” என்றார். வங்கியில் வேலை, ஊரடங்கிலும் கவுன்டரில் உட்கார வேண்டியவர், அவர் பயத்தில் பொய் இல்லை. மறுத்துவிட்டேன். எட்டுத் தவணையையும் நண்பகலில் கொட்டினோம். அந்த வாரம் 12ஆம் தேதிதான் உலக சுகாதார நிறுவனம், கொரோனாவுக்காக பி.சி.ஜி.யைப் பரிந்துரைக்க முடியாது என்றும், பெரியவர்கள் கேட்டு வாங்கினால் சிசுக்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்றும் எச்சரித்திருந்தது. மருந்து எங்களிடம் இருந்தது. சிசுக்கள்தாம் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, 2020இல் உலகில் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் வழக்கமான அடிப்படைத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெறவில்லை. இந்தியாவில் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியின் முதல் தவணையைக்கூடப் பெறாத குழந்தைகள் 2019இல் ஏறத்தாழ 14 லட்சம். 2020இல் 30 லட்சம். போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 2020 மார்ச் இறுதியில் உலகெங்கும் நிறுத்தப்பட்டன. பாகிஸ்தானில் ஜூலை வரை நடக்கவில்லை. நம் மத்திய அரசு 2020 மே மாதம் கொடுத்த வழிகாட்டுதல், பிறந்தவுடன் போடும் ஊசிகள் எங்கும் நிற்கக் கூடாது என்றது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் வெளிமுகாம்கள் வேண்டாம், தேடி வருகிறவர்களுக்கு மட்டும் மருத்துவமனையில் போடலாம் என்றும் சொன்னது. காகிதத்தில் அது நல்ல வழிகாட்டுதல். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை தேடி வருவதில்லை. அதை யாராவது தூக்கி வர வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வீடுவீடாக வந்து நினைவூட்டியிருக்க வேண்டும். அவர் அப்போது காய்ச்சல் கணக்கெடுக்கப் போயிருந்தார். பிறந்தவுடன் போடும் ஊசிகள் ஓரளவு தப்பித்தன. ஒன்பது மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் உரியவையே அதிகம் விட்டுப்போயின. விளைவு 2022 இறுதியில் மும்பையில் தெரிந்தது. கோவண்டி, தாராவி போன்ற நெரிசலான பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். ஒன்பது மாதம்கூட ஆகாத சிசுக்களுக்கும் கூடுதல் தவணை போடும்படி மத்திய அரசு சொல்ல வேண்டிய நிலை வந்தது.

உங்கள் பேரனுக்கு ஒன்றரை வயதில் விட்டுப்போனவை தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு மருந்தின் ஊக்கத் தவணை. காலம் கடந்துவிடவில்லை. விட்டுப்போனதற்காக முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து தொடரலாம். அரசுத் திட்டத்தில் தட்டம்மை-ரூபெல்லாவை 5 வயதுவரைதான் பொதுவாகப் போடுகிறார்கள். பேரன் அதைத் தாண்டிவிட்டதால், குழந்தைகள் நல மருத்துவரிடம் எம்.எம்.ஆர். ஆகப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு வயது வரம்பு தடையில்லை. முத்தடுப்பு ஊசியை மட்டும் 7 வயது முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். அதன்பிறகு கக்குவான் பகுதி குறைக்கப்பட்ட அல்லது நீக்கப்பட்ட வேறு ஊசிதான். 5 வயதுக்கான தவணையும் சேர்ந்து நிற்பதால், ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்பதை அட்டையைப் பார்த்தே சொல்ல முடியும். அட்டை தொலைந்திருந்தால், பதிவு செய்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் இருக்கும். அங்கும் இல்லையென்றால், போடாததாகவே கருதிப் போடுவது வழக்கம். இரண்டாம் முறை போடுவதால் கேடில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் ஒன்றை நான் மூன்று முறை படித்தேன். அண்ணனுக்கு ஒரு மாதமாக இருமல் என்று எழுதியிருந்தீர்கள், மகள் வருவதற்கான காரணமாக. ஐயா, என்னைப் பொறுத்தவரை கேள்வியே அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. காசநோயாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. புகைப்பழக்கம், ஆஸ்துமா, இரத்த அழுத்த மாத்திரை எனப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் பி.சி.ஜி. போடாத 14 மாதக் குழந்தை ஆறு வாரம் மடியில் உட்காரப்போகிற மனிதர் அவர். பி.சி.ஜி.யால் குழந்தைக்குக் கிடைக்கக்கூடியதைவிடப் பெரிய பாதுகாப்பு, அவருடைய சளியில் கிருமி இல்லை என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம். காலையில் எழுந்தவுடன், வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுத்த சளியைக் கொடுக்கச் சொல்லுங்கள், எச்சில் பயன்படாது. மரபணு முறைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நோய் இருந்தால் மருந்தும் இலவசமே. உரிய மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களில் பிறருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். டிசம்பருக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அப்படி நேர்ந்தால், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரையும் உண்டு. மகளிடம் பயணத்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அண்ணனை இந்தத் திங்கட்கிழமையே அழைத்துக்கொண்டு போங்கள். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.